ஷெங்கன் விசா: தேதியை விடுங்கள், நாட்களை எண்ணுங்கள்

கேள்வி, 13 ஜனவரி 2024

அண்ணா, அப்பா அம்மாவுக்கு ஜெர்மனி விசா வந்துவிட்டது. ஸ்டிக்கரில் 01-02-24 முதல் 15-04-24 வரை என்று போட்டிருக்கிறது. ஏப்ரல் 14 திரும்புகிற மாதிரி டிக்கெட் போடலாம் என்று இருக்கிறோம். தேதிக்குள் இருந்தால் ஒன்றும் ஆகாது என்கிறார் டிராவல்ஸ்காரர். நடுவில் ஒரு நாள் சுவிட்சர்லாந்து போய்விட்டு வந்தால் நாள் கணக்கு மறுபடி முதலிலிருந்து தொடங்கும் என்றும் சொன்னார். சரிதானே?

13 ஜனவரி 2024, இரவு

டிக்கெட் போடாதீர்கள். பாஸ்போர்ட்டைத் திறந்து ஸ்டிக்கரை இன்னொரு முறை பாருங்கள். இரண்டு தேதிகள் தவிர இன்னும் இரண்டு விஷயங்கள் அதில் இருக்கும். எத்தனை முறை நுழையலாம் என்பது ஒன்று. மொத்தம் எத்தனை நாள் தங்கலாம் என்பது இன்னொன்று. அந்த நாள் எண்ணிக்கையை எழுதுங்கள், மீதியைச் சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்து கதை முழுத் தவறு. அந்த நாடு ஐரோப்பிய ஒன்றியத்தில் இல்லை, ஆனால் ஷெங்கனில், அதாவது ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டத்தில், இருக்கிறது. ஜெர்மனியிலிருந்து அங்கே போனால் ஷெங்கனை விட்டு வெளியே போனதாகவே ஆகாது.

14 ஜனவரி 2024

60 நாள், நுழைவு 1 என்று எழுதியிருக்கிறீர்கள். பிப்ரவரி 1 முதல் ஏப்ரல் 15 வரை எண்ணிப் பாருங்கள், 75 நாள் வரும். 60-ஓடு 15 சேர்ந்தால் 75. இது எதேச்சையாக வந்ததில்லை. ஒருமுறை நுழைகிற விசாவில் 15 நாள் கூடுதல் அவகாசம் சேர்த்துத் தேதி போட வேண்டும் என்பது அவர்களுடைய விசா விதியிலேயே இருக்கிறது. விமானம் மாறலாம், கிளம்புவது தள்ளிப்போகலாம், அதற்காகக் கொடுத்த இடம். தங்குவதற்குக் கொடுத்த நாட்கள் இல்லை.

அப்பா அம்மா பிப்ரவரி 1 அன்று இறங்கினால் இந்த வருடம் பிப்ரவரிக்கு 29, மார்ச்சுக்கு 31, ஆக மார்ச் 31 தான் அறுபதாவது நாள். அன்றைக்குள் வெளியேற வேண்டும். ஏப்ரல் 14 வரை இருந்தால் இரண்டு வாரம் அனுமதியில்லாமல் தங்கியதாகப் பதிவாகும். பிப்ரவரி 16-ல் இறங்கினால் ஏப்ரல் 15 வரை முழு 60 நாளும் கிடைக்கும். பிப்ரவரி 16-க்குப் பிறகு இறங்கினால் நாட்கள் மீதம் இருந்தாலும் ஏப்ரல் 15 தாண்ட முடியாது. நாளா, தேதியா, எது முதலில் முடிகிறதோ அதுதான் எல்லை.

இன்னொன்று. இறங்குகிற நாளும் கிளம்புகிற நாளும் முழு நாளாகவே கணக்கில் சேரும். இரவு பதினொன்றரைக்குக் குடியேற்ற கவுன்ட்டரைத் தாண்டினாலும் அது ஒரு நாள்தான். நள்ளிரவை ஒட்டி வருகிற விமானமாக இருந்தால் இதைக் கவனித்து டிக்கெட் போடுங்கள்.

15 ஜனவரி 2024

பொங்கல் வேலைக்கு நடுவில் எழுதுகிறேன், சுருக்கமாக. டிராவல்ஸ்காரர் வருஷக்கணக்காக இதையே செய்கிறவர், அவருக்குத் தெரியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். அவர் டிக்கெட் விற்பவர். ஃபிராங்ஃபர்ட்டில் திரும்பி வரும்போது கவுன்ட்டரில் நிற்கப்போவது உங்கள் அப்பா அம்மா. தங்கும் நாளைத் தாண்டினால் அபராதம் வரலாம், மறுபடி நுழையத் தடை வரலாம், அடுத்த விசாவுக்கு அதுவே கேள்வியாக நிற்கும். அறுபதைத் தாண்டிய பெரியவர்களை அந்த நிலையில் நிறுத்த வேண்டுமா என்று யோசியுங்கள்.

21 ஜனவரி 2024

கோவையிலிருந்து ஒருவர்: 'எனக்கு ஒரு வருட மல்டிபிள் விசா, பலமுறை நுழையக்கூடியது, இருக்கிறது. 90 நாள் இருந்துவிட்டு ஊருக்கு வந்து ஒரு வாரம் கழித்து மறுபடி போனால் புதிய 90 நாள் கிடைக்குமா?'

கிடைக்காது. எந்த ஒரு நாளை எடுத்துக்கொண்டாலும், அன்றையும் சேர்த்துப் பின்னோக்கி 180 நாள் எண்ண வேண்டும். அந்த 180-க்குள் நீங்கள் ஷெங்கனில் இருந்த நாட்கள் 90-ஐத் தாண்டக் கூடாது. இந்த 180 நாள் ஜன்னல் நின்ற இடத்தில் நிற்காது, தினமும் ஒரு நாள் முன்னே நகரும்.

தேதி வைத்தே பார்ப்போம். ஜனவரி 10 இறங்கி ஏப்ரல் 8 கிளம்பினீர்கள் என்றால் சரியாக 90 நாள். ஏப்ரல் 15 போனால் கவுன்ட்டரிலேயே திருப்பி அனுப்புவார்கள். ஜூலை 7 போனாலும் முடியாது. ஜூலை 8 அன்று 180 நாள் பின்னால் எண்ணினால் ஜனவரி 11-ல் வந்து நிற்கும். ஜனவரி 10 கணக்கிலிருந்து உதிர்ந்துவிட்டது, அதனால் அன்று நுழையலாம். அதன்பின் தினமும் ஒரு பழைய நாள் உதிர உதிர ஒரு புதிய நாள் கிடைத்துக்கொண்டே வரும். மொத்தத்தில் தொடர்ந்து 90 நாள் வெளியே இருந்தால் புதிதாக 90 கிடைக்கும். விட்டு விட்டுப் போகிறவர்கள் மனக்கணக்குப் போட வேண்டாம். ஐரோப்பிய ஆணையம் தன் தளத்தில் இலவசமாக ஒரு கணிப்பான் வைத்திருக்கிறது. பழைய முத்திரைத் தேதிகளை அதில் போட்டால் அதுவே சொல்லிவிடும்.

5 பிப்ரவரி 2024

ஒருமுறை நுழைவு விசாக்காரர்களுக்காக. பாரிஸில் இறங்கி, நடுவில் மூன்று நாள் லண்டன், மறுபடி பாரிஸ் வந்து ஊருக்கு விமானம் என்று திட்டம் போடுகிறார்கள். பிரிட்டன் ஷெங்கன் இல்லை, அதற்குத் தனி விசா வேண்டும் என்பது பலருக்குத் தெரிகிறது. லண்டன் போன நிமிடமே ஷெங்கனின் ஒற்றை நுழைவு தீர்ந்துவிடும் என்பதைத்தான் மறக்கிறார்கள். அயர்லாந்தும் இதே கதைதான். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருக்கிறது, ஷெங்கனில் இல்லை.

இன்னும் நுணுக்கமான இடம் குரோஷியா. 2023 ஜனவரி 1-லிருந்து அது ஷெங்கன். ஸ்ப்ளிட்டிலிருந்து டுப்ரோவ்னிக்குக்குக் கடற்கரையோரமாகவே போகும் பழைய சாலை, நேயும் என்ற ஊரில் சில கிலோமீட்டர் போஸ்னியாவுக்குள் புகுந்து வெளியே வருகிறது. படத்தில் பார்த்தால் குரோஷியாவுக்குள்ளேயே போகிற மாதிரித்தான் தெரியும். ஒற்றை நுழைவு விசாவோடு அந்த வழியில் போனால் நீங்கள் ஷெங்கனை விட்டு வெளியேறியாகிவிட்டது. 2022 ஜூலையில் பெல்யேஷாட்ஸ் பாலம் திறந்தபிறகு போஸ்னியாவைத் தொடாமலே போகலாம். பஸ் டிக்கெட் வாங்கும்போது எந்த வழி என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.

வாட்டிகன், சான் மரினோ, மொனாக்கோ பற்றிப் பயம் வேண்டாம். சோதனை இல்லாமலே நடந்து போய் வரலாம்.

26 ஏப்ரல் 2024

நல்ல செய்தி. இந்தியாவிலிருந்து விண்ணப்பிக்கும் இந்தியர்களுக்கென்று ஏப்ரல் 18-ல் ஐரோப்பிய ஆணையம் புதிய விதி எடுத்திருக்கிறது. முந்தைய மூன்று வருடத்துக்குள் இரண்டு விசா வாங்கி, இரண்டையும் ஒழுங்காகப் பயன்படுத்தியிருந்தால் அடுத்தது இரண்டு வருட மல்டிபிள் விசா. அதற்கு அடுத்தது, பாஸ்போர்ட்டில் போதுமான காலம் மீதமிருந்தால் வழக்கமாக ஐந்து வருடம்.

ஒழுங்காக என்பதுதான் இதில் முக்கியம். மேலே 60 நாள், 90 நாள் என்று எழுதிய கணக்கை மதித்தவர்களுக்குத்தான் இந்தக் கதவு திறக்கும்.

27 ஏப்ரல் 2024

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு மூன்று பேர் ஒரே கேள்வி கேட்டிருக்கிறார்கள்: 'ஐந்து வருட விசா என்றால் ஐந்து வருடம் அங்கே இருக்கலாமா?' முடியாது. 180-க்கு 90 கணக்கு அதற்கும் உண்டு. ஒவ்வொரு முறையும் கோப்பைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதில்லை, அவ்வளவுதான். அந்த விசாவில் வேலை பார்க்கவும் முடியாது.

13 ஜூன் 2024

கட்டணம் மாறிவிட்டது. ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு 80 யூரோ இல்லை, 90 யூரோ. 6 வயது முதல் 12 வயதுக்குள் 45. ஆறு வயதுக்குக் கீழே கட்டணம் இல்லை. விண்ணப்பம் வாங்குகிற விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. விசா மறுத்தாலும் எதுவும் திரும்பி வராது.

18 ஆகஸ்ட் 2024

கொஞ்சம் நீளமாக எழுதப்போகிறேன். இது என் மனதை உறுத்துகிற விஷயம்.

என் மாமா பையனுக்குச் சொந்தத் தொழில், சின்ன அளவில் பிரின்டிங் பிரஸ். மனைவியோடு இத்தாலி போக ஆசைப்பட்டான். ஒரு ஏஜென்ட் அவன் பேங்க் கணக்கைப் பார்த்துவிட்டு, 'இதில் பணம் பத்தாது, நான் ஷோ மணி ஏற்பாடு செய்கிறேன்' என்று சொல்லி, விண்ணப்பத்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பெரிய தொகையைப் போட வைத்தார். அதற்குத் தனி வட்டி. ஓட்டல் புக்கிங் அவரே போட்டார், தினமும் ஒரு ஊர். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், அங்கிருந்து பாரிஸ், ஆம்ஸ்டர்டாம். பயணத் திட்டத்தைக் கையில் வாங்கிப் படித்தபோது எனக்கே மூச்சு வாங்கியது. இத்தாலியில் நான்கு இரவு, பிரான்ஸில் ஐந்து இரவு. விண்ணப்பம் மட்டும் இத்தாலிக்கு, அங்கேதான் அப்பாயின்ட்மென்ட் கிடைத்தது என்பதற்காக.

மறுத்துவிட்டார்கள். மறுப்புக் கடிதம் என்பது எல்லா நாட்டுக்கும் பொதுவான ஒரு படிவம். காரணங்கள் வரிசையாக அச்சிட்டிருக்கும், பொருந்துகிற இடத்தில் டிக் போட்டுத் தருவார்கள். அவனுக்கு விழுந்த டிக்குகள் இரண்டு. பயணத்தின் நோக்கம், தங்கும் விவரங்கள் பற்றிக் கொடுத்த தகவல் நம்பும்படி இல்லை என்பது ஒன்று. விசா முடிவதற்குள் திரும்பிவிடுவார் என்பதில் நியாயமான சந்தேகம் இருக்கிறது என்பது மற்றது. அதைக் கையில் வைத்துக்கொண்டு அவன் மனைவி, 'நாம் என்ன ஓடியா போகப்போகிறோம்?' என்று அழுதாள். ஊரில் மரியாதையாக உழைத்துப் பிழைக்கிறவர்களுக்கு அந்த வரி தைக்கத்தான் செய்யும்.

எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறோமோ அந்த நாட்டில்தான் விண்ணப்பிக்க வேண்டும். நாட்கள் சமமாக இருந்தால் முதலில் நுழைகிற நாடு. இது விருப்பம் இல்லை, விதி. பேங்க் ஸ்டேட்மென்ட் வாங்கிப் பார்க்கிறவர்கள் கடைசி இருப்பை மட்டும் பார்ப்பதில்லை. மாதாமாதம் என்ன வருகிறது, என்ன போகிறது என்று பார்க்கிறார்கள். ஆறு மாதம் ஒரே மட்டத்தில் ஓடுகிற கணக்கில் திடீரென ஒரு லம்ப்பாகப் பணம் வந்து உட்கார்ந்தால் அது பலம் இல்லை, கேள்வி.

சில மாதம் கழித்து மறுபடி போட்டோம். இந்த முறை ஷோ மணி இல்லை. ஜிஎஸ்டி பதிவு, மூன்று வருட வருமான வரிக் கணக்கு (ஐடிஆர்), பிரஸ்ஸின் நடப்புக் கணக்கு, மாமா பெயரிலும் அவன் பெயரிலும் இருக்கிற வீட்டுப் பத்திரத்தின் நகல். ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ் மட்டும், ஒன்பது இரவு, அவன் வருமானத்துக்குத் தாங்குகிற ஓட்டல். முந்தைய மறுப்பை மறைக்காமல் கடிதத்தில் எழுதினோம். முன்பு திட்டம் ஏன் அப்படி இருந்தது, இப்போது என்ன மாறியிருக்கிறது என்று ஒரு பக்கத்துக்குள். மறுப்பு எப்படியும் அவர்கள் பதிவேட்டில் ஐந்து வருடம் இருக்கும், எல்லா ஷெங்கன் நாடும் அதைப் பார்க்கும். மறைத்தால் அதுவே பொய்யாகிவிடும்.

விசா வந்தது. உண்மையான பயணம் எதுவோ அதைக் காகிதத்தில் காட்டுங்கள். இல்லாத பயணத்தை ஜோடிக்க ஆளுக்குக் காசு கொடுக்காதீர்கள்.

19 ஆகஸ்ட் 2024

நேற்றைய குறிப்பில் விட்டுப்போனது. விசா வருவதற்கு முன் விமான டிக்கெட்டுக்கு முழுப் பணம் கட்ட வேண்டாம், ரிசர்வேஷன் போதும். பயண நாளுக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம், குறைந்தது 15 நாள் முன்பாவது கொடுத்திருக்க வேண்டும். முடிவுக்கு வழக்கமாக 15 நாள், சில கோப்புகளுக்கு 45 வரை இழுக்கலாம். கோடையில் போகிறவர்கள் பொங்கல் முடிந்த கையோடு வேலையைத் தொடங்குங்கள். அப்பாயின்ட்மென்ட்டை விற்கிறேன் என்று யாராவது வந்தால் போனை வைத்துவிடுங்கள்.

17 செப்டம்பர் 2024

ஜெர்மனி நேற்று முதல் தன் எல்லாத் தரை எல்லைகளிலும் சோதனையைக் கொண்டுவந்திருக்கிறது. ஷெங்கனுக்குள் எல்லையே கிடையாது என்று நம்பி பாஸ்போர்ட்டை ஓட்டலில் வைத்துவிட்டு ரயில் ஏறுகிறவர்கள் உண்டு. சால்ஸ்பர்க்கிலிருந்து மியூனிக் வரும் ரயிலில் போலீஸ் ஏறி ஒவ்வொரு இருக்கையாகக் கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். ஆஸ்திரியப் பக்கம் இந்தச் சோதனை 2015-லிருந்தே இருக்கிறது. ஒரு நாள் பயணமானாலும் பாஸ்போர்ட் கூடவே இருக்கட்டும். போனில் இருக்கிற படம் போதாது.

3 ஜனவரி 2025

பல்கேரியா, ருமேனியா இரண்டும் ஜனவரி 1 முதல் முழுமையாக ஷெங்கன். போன மார்ச் 31-லேயே விமானம், கப்பல் வழிக்குச் சேர்ந்துவிட்டன, இப்போது தரை வழியும். மொத்தம் 29 நாடு. இதில் நன்மையும் உண்டு, இழப்பும் உண்டு. ஒரே விசாவில் புக்காரெஸ்ட் போகலாம். ஆனால் 90 நாள் முடிந்ததும் சோஃபியாவில் போய் இருந்துவிட்டு வரலாம் என்ற பழைய வழி அடைபட்டது, அங்கே இருக்கிற நாளும் போன மார்ச் 31-லிருந்தே இதே கணக்கில்தான்.

ஒருவர் ஷெங்கன் என்றால் என்ன என்று கேட்டிருந்தார். லக்ஸம்பர்க்கில் மோசல் ஆற்றங்கரையில் இருக்கிற ஒரு சின்ன ஊர். 1985 ஜூன் 14 அன்று அந்த ஆற்றில் நின்ற ஒரு படகில் பிரான்ஸ், ஜெர்மனி, பெல்ஜியம், நெதர்லாந்து, லக்ஸம்பர்க் ஐந்தும் கையெழுத்துப் போட்டன. லக்ஸம்பர்க்கும் பிரான்ஸும் ஜெர்மனியும் அங்கேதான் சந்திக்கின்றன. எல்லைச் சோதனை உண்மையில் நின்றது பத்து வருடம் கழித்து, 1995 மார்ச்சில்.

9 மார்ச் 2025

பிள்ளைகளைப் பார்க்கப் போகிற பெற்றோர் பற்றி நிறைய கேள்விகள் சேர்ந்துவிட்டன. என் தங்கை ஸ்டுட்கார்ட்டில் இருக்கிறாள், அம்மாவை அனுப்பி வைத்த அனுபவத்திலிருந்து சொல்கிறேன்.

அழைக்கிறவர் வெறும் கடிதம் எழுதினால் அதற்கு அவ்வளவு பலம் இல்லை. ஜெர்மனியில் அவரே தன் ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், சம்பளச் சீட்டைக் காட்டி, 29 யூரோ கட்டி, 'இவர் செலவுக்கு நான் பொறுப்பு' என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்க வேண்டும். அசலைக் கூரியரில் அனுப்ப வேண்டும். அந்த அலுவலகத்தில் தேதி கிடைக்கவே வாரக்கணக்கில் ஆகும், இங்கே அப்பாயின்ட்மென்ட் போடும் முன் அங்கே தொடங்கச் சொல்லுங்கள். பிரான்ஸில் இதே வேலைக்கு மேயர் அலுவலகம் போக வேண்டும், 30 யூரோ முத்திரை வரி. நெதர்லாந்தில் நகராட்சியில் ஒப்பமிட்ட படிவம்.

காப்பீடு குறைந்தது 30,000 யூரோவுக்கு இருக்க வேண்டும். அவசரச் சிகிச்சை, ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவு இரண்டும் அடங்க வேண்டும், ஷெங்கன் முழுக்கச் செல்ல வேண்டும். வயதானவர்களுக்கு மலிவான பாலிசி வாங்கி விசாவை மட்டும் பார்க்காதீர்கள். அம்மாவுக்கு சுகர், பிரஷர் இரண்டும் உண்டு. ஏற்கெனவே இருக்கிற நோயால் அவசரம் வந்தால் எவ்வளவு வரை தருவார்கள் என்ற வரியைத் தேடிப் படித்த பிறகுதான் வாங்கினோம்.

பெயர் விஷயம் நம் ஊர்க்காரர்களுக்கே உள்ள தலைவலி. அம்மா பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் இடம் காலி, முழுப் பெயரும் கொடுத்த பெயர் இடத்தில். தங்கை வாங்கிய உறுதிமொழிப் பத்திரத்தில் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகத் தட்டச்சு செய்துவிட்டார்கள். அனுப்புவதற்கு முன் ஸ்கேன் வாங்கிப் பார்த்ததால் அங்கேயே திருத்த முடிந்தது. பாஸ்போர்ட், விண்ணப்பம், அழைப்பு, காப்பீடு, டிக்கெட் எல்லாவற்றையும் மேசையில் பரப்பி எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். டிக்கெட்டில் குடும்பப் பெயர் கட்டாயம் கேட்கும். ஒரே பெயரை இரண்டு இடத்திலும் போடுவதா, வேறு மாதிரியா என்று அந்த விமான நிறுவனத்திடமே கேட்டுப் போடுங்கள்.

பாஸ்போர்ட் திரும்பும் நாளுக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்ல வேண்டும், வழங்கி பத்து வருடம் தாண்டியிருக்கக் கூடாது, இரண்டு பக்கம் காலியாக இருக்க வேண்டும். கைரேகை 59 மாதத்துக்குள் கொடுத்திருந்தால் பொதுவாக மறுபடி கேட்கமாட்டார்கள்.

11 மார்ச் 2025

'விசாவே வந்தபிறகு ஃபைல் எதற்கு?' என்று ஒரு தம்பி கேட்கிறார். விசா இருந்தாலும் உள்ளே விடுவது எல்லை அதிகாரியின் முடிவுதான் தம்பி. எங்கே தங்குகிறாய், எப்போது திரும்புகிறாய், செலவுக்கு என்ன வழி என்று அவர் கேட்கலாம்.

அம்மாவுக்கு ஆங்கிலம் நான்கு வார்த்தைதான். அதனால் ஒரு பிளாஸ்டிக் உறையில் மேலிருந்து கீழாக வரிசை வைத்துக் கொடுத்தோம். மேலே திரும்பும் டிக்கெட், அடுத்து உறுதிமொழியின் நகல், அடுத்து தங்கையின் முகவரியும் போன் நம்பரும், கடைசியில் காப்பீடு. அதிகாரி ஏதோ கேட்டிருக்கிறார், அம்மா உறையை நீட்டியிருக்கிறாள். அவர் டிக்கெட்டில் இருந்த தேதியின்மேல் விரலை வைத்து, அப்படியே ஸ்டிக்கரில் இருந்த நாள் எண்ணிக்கைக்கு விரலைக் கொண்டுபோய், தலையாட்டிவிட்டு முத்திரை குத்தியிருக்கிறார். வீல்சேர் பதிவு செய்திருந்ததால் உதவியாளர் கூடவே இருந்தார். அதற்குத் தனிக் கட்டணம் இல்லை, டிக்கெட் போடும்போதே சொல்லிவிட வேண்டும்.

உறை கைப்பையில் இருக்க வேண்டும். செக்-இன் பெட்டியில் போட்டால் அது வெளியே வருவதே எல்லை தாண்டிய பிறகுதான்.

6 ஜூலை 2025

ஜெர்மனி விசா மறுத்தால் தூதரகத்துக்கே மறுபரிசீலனைக் கடிதம் எழுதும் வழி இருந்தது. ஜூலை 1 முதல் உலகம் முழுக்க நிறுத்திவிட்டார்கள். இனி நீதிமன்றம், இல்லாவிட்டால் புதிய விண்ணப்பம். மறுபரிசீலனைக் கடிதம் எழுதித் தருகிறேன் என்று இன்னும் காசு வாங்குகிறவர்களை நம்ப வேண்டாம். சுற்றுலாவுக்கு மறுத்திருந்தால் டிக் விழுந்த காரணத்தைச் சரிசெய்துவிட்டுப் புதிதாகப் போடுவதுதான் செலவும் நேரமும் குறைவான வழி.

16 அக்டோபர் 2025

அக்டோபர் 12 முதல் ஈஇஎஸ் என்ற புதிய நுழைவு–வெளியேற்றப் பதிவு தொடங்கியிருக்கிறது. எல்லா எல்லைகளிலும் ஒரே நாளில் வரவில்லை, படிப்படியாக விரித்து 2026 ஏப்ரல் 10-க்குள் முடிக்கத் திட்டம். அதன்பின் முத்திரை குத்துவது நின்றுவிடும். நம்மைப் போல விசாவில் போகிறவர்களின் கைரேகை ஏற்கெனவே விசாப் பதிவில் இருப்பதால், முகத்தைப் படம் எடுப்பார்கள். இதற்குக் கட்டணம் கிடையாது, முன்கூட்டிப் பதியவும் வேண்டாம்.

இந்த இழையின் முதல் கேள்விக்கும் இதற்கும் நேரடித் தொடர்பு உண்டு. இதுவரை அதிகாரி பக்கத்தைப் புரட்டி, மங்கிய முத்திரையைத் தேடி, கையால் எண்ண வேண்டியிருந்தது. இரண்டொரு நாள் கூடினால் கண்ணில் படாமல் போனதும் உண்டு. இனி இயந்திரம் எண்ணும். 'அங்கே யாரும் பார்க்கமாட்டார்கள்' என்று அறிவுரை சொல்கிறவர்களிடமிருந்து தள்ளியே இருங்கள்.

முத்திரை இல்லாத காலத்தில் நாம் போய்வந்ததற்கு நம் கையில் ஆதாரம் வேண்டும். போர்டிங் பாஸை இரு வழிக்கும் பத்திரப்படுத்துங்கள்.

8 நவம்பர் 2025

யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு அக்கா: 'கொழும்பிலிருந்து ஃபிராங்ஃபர்ட் வழியாக டொராண்டோ போகிறேன், கனடா விசா இருக்கிறது. விமான நிலையத்தை விட்டு வெளியே வரமாட்டேன். விசா வேண்டுமா?'

அக்கா, இலங்கைப் பாஸ்போர்ட்டுக்கு எல்லா ஷெங்கன் நாட்டிலும் விமான நிலைய டிரான்சிட் விசா கட்டாயம். அதற்கான பொதுப் பட்டியலில் இருக்கிற 12 நாடுகளில் இலங்கையும் ஒன்று. ஆனால் உங்கள் பாஸ்போர்ட்டில் செல்லுபடியாகும் கனடா விசா இருப்பதால் விலக்கு உண்டு. அமெரிக்கா, ஜப்பான் விசாவுக்கும் இதே விலக்கு. இரண்டு டிக்கெட்டாகப் பிரித்து வாங்காதீர்கள். பெட்டியை வெளியே எடுத்து மறுபடி செக்-இன் செய்ய வேண்டி வந்தால் எல்லையைத் தாண்ட வேண்டும், அதற்கு இந்த விலக்கு உதவாது. ஒரே டிக்கெட், பெட்டி டொராண்டோ வரை நேராகப் போகிற மாதிரி.

9 நவம்பர் 2025

அந்த அக்காவின் அண்ணா மகன் கனடாப் பாஸ்போர்ட்காரர், பாரிஸ் போகிறவர். விசா தேவையில்லாதவர்கள் பயணத்துக்கு முன் வாங்க வேண்டியதாகச் சொல்லும் எடியாஸ் அனுமதியை இப்போதே வாங்க வேண்டுமா என்று கேட்கிறார். இன்னும் தொடங்கவில்லை. 2026 கடைசி காலாண்டில் தொடங்கும் என்று அறிவித்திருக்கிறார்கள், கட்டணம் 20 யூரோ. இப்போதே பணம் கேட்கிற தளம் எதுவாக இருந்தாலும் மோசடி. இது விசா இல்லாமல் நுழைய முடிகிறவர்களுக்கு மட்டும். இந்திய, இலங்கைப் பாஸ்போர்ட்காரர்களுக்கு எடியாஸ் கிடையாது, வழக்கமான விசாதான்.

6 டிசம்பர் 2025

அவசரக் கேள்வி ஒன்று வந்திருக்கிறது, மற்றதெல்லாம் பிறகு. மகளைப் பார்க்க கொலோன் போன ஒரு அப்பா விழுந்து இடுப்பெலும்பு முறிந்து மருத்துவமனையில் இருக்கிறார். விசாவில் மீதம் ஒன்பது நாள். மருத்துவர் ஆறு வாரம் பறக்கக் கூடாது என்கிறார். 'நாள் தாண்டினால் அப்பாவைப் பிடித்துவிடுவார்களா?' என்று மகள் பயந்து எழுதியிருக்கிறார்.

பயப்படாதீர்கள் அம்மா. இதற்கு விதியிலேயே வழி இருக்கிறது. கைமீறிய காரணத்தாலோ மனிதாபிமானக் காரணத்தாலோ திரும்ப முடியாமல் போனால் விசாவை நீட்டித்துத் தர வேண்டும், அதற்குக் கட்டணமும் இல்லை. முக்கியமான சொந்தக் காரணம் என்று போனால் 30 யூரோ. ஆனால் நாட்கள் முடிவதற்கு முன் விண்ணப்பம் போயிருக்க வேண்டும். நாளைக்கு ஞாயிறு. இன்றைக்கே ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள், தேதியும் நேரமும் பதிவாகட்டும். பாஸ்போர்ட் நகல், விசா நகல், எந்தத் தேதி வரை பறக்க முடியாது என்று மருத்துவர் எழுதிய சான்று, தேதி மாற்றிய டிக்கெட், நீட்டித்த காப்பீடு. காப்பீட்டைக் கண்டிப்பாக இன்றே நீட்டியுங்கள், பழைய பாலிசி முடிந்துவிட்டால் மறுபடி தரமாட்டார்கள். திங்கள் காலை அலுவலகம் திறந்ததும் நேரில் போங்கள். அப்பா வர வேண்டுமா என்று கேட்டால் மருத்துவமனைச் சான்றைக் காட்டுங்கள். பதில் வந்ததும் இங்கே எழுதுங்கள், அடுத்து என்ன செய்வது என்று பார்ப்போம்.

10 டிசம்பர் 2025

கொலோன் மகள் எழுதியிருக்கிறார். விண்ணப்பத்தை ஏற்றுக்கொண்டு, பரிசீலனையில் இருக்கிறது என்று கையில் தாள் கொடுத்துவிட்டார்கள். அந்தத் தாளின் அசலை அப்பா பாஸ்போர்ட்டோடு வையுங்கள், நகல் ஒன்று உங்கள் பையில். நீட்டிப்பு வந்ததும் அதில் எந்தத் தேதி, எத்தனை நாள் என்று இரண்டையும் படித்துவிட்டுத்தான் திரும்பும் டிக்கெட்டை உறுதி செய்ய வேண்டும்.